நங்கூரம் போட்டவள்

தனுஷாவுக்கு நண்டு ஒத்துவராது என்று றஜித் சொன்ன அந்த மத்தியானந்தான் ஆன்சலாவின் மனதில் முதன்முதலாக ஒரு முள் தைத்தது.

நாயாற்றுக் களப்பின் கரையில், தென்னோலைக் கொட்டிலுக்குள் நின்று அவள் சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். படகில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அப்போதுதான் இறங்கி, கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். றஜித் கொட்டிலுக்குள் தலையை நீட்டினான்.

"இஞ்சேர், தனுஷாவுக்கு நண்டு ஒத்துவராது. மேலெல்லாம் தடிச்சுப்போகும். அவளுக்கு ஒரு மீன் துண்டு எடுத்து வையும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். மிகச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசமாகிறது. ஆன்சலாவுக்குக் கணவாய் மீன் பிடிக்காது என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. நல்ல கணவாய் கிடைக்கும் நாளெல்லாம் "உனக்கெண்டு எடுத்தனான்" என்று கொண்டுவந்து கொடுப்பான். அவளும் வாய் திறவாமல் சமைத்து, வாய் திறவாமல் விழுங்குவாள். வேலைக்கு வந்து அரை வருசமும் ஆகாத ஒருத்திக்கு எது ஒத்துவராது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கிறிஸ்தோப்பரின் மூத்த மகளான ஆன்சலாவுக்குத் தண்ணீர் புதிதில்லை. குமர்ப்பிள்ளையாக இருந்தபோது தகப்பனோடு இதே களப்பில் இறால் பிடிக்கப் போனவள். வள்ளத்தை நேராகப் பிடிக்கவும் நங்கூரத்தைச் சரியான இடத்தில் இறக்கவும் அவளுக்குத் தெரியும். றஜித்தைக் கட்டிய பிறகு அதெல்லாம் நின்றுபோயிற்று. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. வீடு, மகள், குசினி அடுப்பு என்று நாள் போனது. மீன்பாடு குறைந்த காலத்தில் றஜித் ஒரு பைபர் படகை வாங்கி, மேலே கூரைச் சீலை போட்டு, வாங்குகள் பொருத்தி, களப்பைச் சுற்றிக் காட்டத் தொடங்கினான். கண்டல் காடு, பறவைகள், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம், அதன் ஓரத்து மணல்திட்டு என்று ஒரு சுற்று. திரும்பி வந்தால் ஆன்சலாவின் கையால் சாப்பாடு. அவளுக்கு அந்தத் தொழிலில் கிடைத்த இடம் அடுப்படிதான்.

தனுஷா வந்தது ஓகஸ்ட் மாதத்தில். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண், உயிர்காப்பு அங்கியின் வாரை றஜித் இழுத்துக் கட்ட வந்தபோது, "நீங்கள் தொடவேண்டாம்" என்று தட்டிவிட்டாள். அங்கி போடாமல் ஏற்ற மாட்டேன் என்று அவன் சொல்ல, பெரிய வாக்குவாதமாகி, அந்தக் கூட்டம் முழுவதும் திரும்பிப் போயிற்று. அதன் பிறகுதான் ஒரு பொம்பிளைப் பிள்ளை படகில் வேண்டும் என்று தேடினான். தனுஷா ஜெயபுரத்துப் பிள்ளை. தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். குளத்தில் நீந்திப் பழகி, பிறகு திருகோணமலையில் உயிர்காப்புப் பயிற்சி முடித்தவள். முல்லைத்தீவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் பஸ்ஸில் வந்து போனாள். மெலிந்த, நெடிய பெண். எதையும் உரத்துச் சொல்லுவாள், உரத்துச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு தண்ணீரின் மேலால் வந்து கொட்டிலுக்குள் நுழையும். தண்ணீர் குரலை எவ்வளவு தூரத்துக்கும் கொண்டுவரும். முதலில் தனுஷாவின் சிரிப்பு, அதன் பின்னாலேயே றஜித்தின் சிரிப்பு. வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று ஆன்சலா தேங்காய் திருவிக்கொண்டே யோசிப்பாள்.

அவர்கள் கரையில் வேலை செய்வதைப் பார்ப்பது இன்னும் பொல்லாதது. அவன் "அந்த..." என்று தொடங்குவான், தனுஷா அந்தச் சாமானை ஏற்கனவே எடுத்து நீட்டியிருப்பாள். அவள் கையைக் கொஞ்சம் உயர்த்துவாள். அவன் எஞ்சினைத் தணிப்பான். முழு வசனம் தேவைப்படாத இரண்டு பேர். புருசனும் பெண்சாதியும் அப்படி இருக்கவேண்டும் என்று ஆன்சலா நினைத்திருந்தாள்.

கொட்டிலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் வடிவம்மா எரிகிற அடுப்புக்குக் கொள்ளி தள்ளிவிட்டாள்.

"நீ இஞ்ச புகையுக்க கிட. அவை அங்க காத்து வாங்கட்டும். எனக்கென்ன, நான் ஒண்டும் சொல்லேல்ல."

"அது வேலை மாமி," என்றாள் ஆன்சலா.

"ஓம் ஓம், வேலைதான். ஒருநாளைக்கு நீயும் ஏறிப் பாரன், என்ன வேலை எண்டு."

ஜனவரி மாதம், முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்த ஆன்சலா சீலையை மாற்றவில்லை. மகள் டிலுசாவைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, நேரே இறங்குதுறைக்கு வந்தாள். ஓமந்தையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற தவராசா, அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி, மகள் சிவதர்சினி, மருமகன் மதுசன், அவர்களுடைய சின்னப் பெண்பிள்ளை.

"இண்டைக்கு நானும் வாறன்," என்றாள் ஆன்சலா.

றஜித் திகைத்தான். "சமையல்?"

"மச்சாளிட்டச் சொல்லிப்போட்டன். இடமில்லையோ?"

"இடமிருக்கு. ஏறன். ஏன் இல்லை?" அவன் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. கள்ளம் தெரிந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தனுஷா ஓர் அங்கியை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டாள். இடுப்பருகே வாரை இழுத்து, தோளில் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் சட்டை போடுவதுபோல இருந்தது. "இறுக்கமோ அக்கா?" என்று கேட்டாள். ஆன்சலா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனுஷா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எஞ்சின் பக்கம் போய், பெற்றோல் தாங்கியையும் அதிலிருந்து போகும் குழாயையும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோதும் ஆன்சலாவின் பார்வை அங்கேயே இருந்தது. தனுஷா சட்டென்று முன்னுக்குப் போய்விட்டாள்.

படகு புறப்படுமுன் தனுஷா எல்லோரையும் பார்த்துப் பேசினாள். "ஓடேக்க ஒருத்தரும் எழும்பக்கூடாது. ஆரும் விழுந்தா, கண்டவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கவேணும். கண்ணை எடுக்கக்கூடாது. ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தர் குதிக்கக்கூடாது. நெருப்பு, புகை, மணம், தண்ணி உள்ளுக்க வாறது, எதைக் கண்டாலும் சத்தம் போட்டுச் சொல்லுங்கோ. வெக்கப்படாதேங்கோ. பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை."

தவராசா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார். ஆன்சலா கடைசி வாங்கில், தாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி மழை நன்றாகப் பெய்திருந்தது. களப்பு நிரம்பி, முகத்துவாரம் வாய் பிளந்து, வெள்ளத்தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தால் கண்ணாடிபோலக் கிடந்தது. அடியில் இழுவை இருந்தது. ஆன்சலாவுக்கு அது படகின் ஆட்டத்திலேயே தெரிந்தது. எத்தனை வருசத்துக்குப் பிறகு! தண்ணீரின் மணமும், கண்டல் சேற்றின் மணமும், முகத்தில் அடிக்கும் ஈரக் காற்றும் சேர்ந்து அவளுக்கு ஏனோ அழுகை வந்தது. இதையெல்லாம் தனுஷா தினமும் அனுபவிக்கிறாள் என்று நினைத்ததும் அழுகை வேறொன்றாக மாறியது.

மணல்திட்டுக்குக் கொஞ்சம் இப்பால் பூநாரைக் கூட்டம் ஒன்று நின்றது. றஜித் கியரை விடுவித்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, முன்னுக்குப் போனான். தனுஷாவின் கையிலிருந்த தூரக்கண்ணாடியை வாங்கினான். அவள் பக்கத்தில் நின்று எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டினாள். பிறகு ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவன் தலையை அண்ணாந்து சிரித்தான்.

அப்போதுதான் ஆன்சலாவுக்குப் பெற்றோல் மணம் வந்தது.

வழக்கமாக எஞ்சினிலிருந்து வரும் மணம் இல்லை. பச்சை மணம், கண்ணைக் கரிக்கும் மணம். குனிந்து பார்த்தாள். குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஈரம் மினுங்கியது. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட வாயைத் திறந்தாள். முன்னால் அந்த இரண்டு முதுகுகளும் சேர்ந்து குலுங்கிக்கொண்டிருந்தன. வாய் மூடிக்கொண்டது. திரும்பிப் பார்க்கட்டும். என்னை ஒரு தரம் தானாகத் திரும்பிப் பார்க்கட்டும், அப்போது சொல்லுகிறேன்.

ஓர் அருள்நிறைந்த மரியாயே செபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இராது. எஞ்சினுக்குள் 'பக்' என்று ஒரு சத்தம். மூடிக்கு வெளியே மஞ்சளாக நெருப்பு எட்டிப் பார்த்தது.

"நெருப்பு!" என்று ஆன்சலா கத்தினாள். இப்போது கத்த அவளுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

றஜித் வாங்குகளைத் தாண்டிப் பாய்ந்து வந்தான். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைப் பிடுங்கினான். தாங்கியிலிருந்து குழாயைக் கழற்றி, தாங்கியைக் காலால் முன்னுக்குத் தள்ளினான். அதற்குள் கழன்ற குழாயிலிருந்து தெறித்த பெற்றோல் அவனுடைய சட்டைக் கையில் பற்றிக்கொண்டது. கையைத் தண்ணீரில் முக்கப் பக்கவாட்டில் சரிந்தான். அதே நேரம் பயந்துபோன சனம் எல்லாம் ஒரே பக்கமாக எழும்பியது. படகு சாய்ந்தது. றஜித் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனான்.

"இருங்கோ! எல்லாரும் முன்னுக்குப் போய், நடுவில, நிலத்தில இருங்கோ!" தனுஷாவின் குரல் சாட்டைபோல வந்தது. நெருப்பணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு ஓடி வந்தாள். மதுசன் வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தான். "ஊத்தாதேங்கோ அண்ணா! பெற்றோல் தண்ணியில மிதந்து பரவும்!" அவன் வாளியோடு அப்படியே நின்றான். தனுஷா தன் கழுத்தில் தொங்கிய போனைப் பையோடு கழற்றி அவன் கையில் திணித்தாள். "நிறோஜன் எண்டு இருக்கும், எடுங்கோ. மணல்திட்டுக்குக் கிட்ட, படகில நெருப்பு, ஒருத்தர் தண்ணியில, ஏழு பேர் படகில எண்டு சொல்லுங்கோ. அக்கா, நீங்கள் அண்ணையைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ!"

ஆன்சலா கையை நீட்டினாள். றஜித்தின் தலை படகிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கடல் பக்கமாக மிதந்தது. அங்கி அவனைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு கையால் நீந்தப் பார்த்தான், முடியவில்லை. படகும் அவனும் ஒரே இழுவையில் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பின்னால், முகத்துவாரத்தில், வடியும் தண்ணீரும் வரும் அலையும் மோதி வெள்ளையாக உடைவது அவளுக்குத் தெரிந்தது. எஞ்சின் இல்லாத படகு அதற்குள் பக்கவாட்டில் போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. தகப்பனுடைய கூட்டாளி ஒருவரின் வள்ளம் அப்படித்தான் புரண்டது.

நங்கூரம் போடவேண்டும். போட்டால் படகு நிற்கும். தண்ணீர் நிற்காது. றஜித்தை அது தனியே கொண்டுபோகும்.

"அம்மா, நீங்கள் இவரைக் காட்டுங்கோ. கண்ணை எடுக்காதேங்கோ," என்று ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்து நீட்டிவிட்டு, ஆன்சலா முன் அணியத்துக்கு ஓடினாள். நங்கூரம் அங்கே கயிற்றுச் சுருளின் மேல் கிடந்தது. தூக்கினாள். கயிற்றின் மறுமுனை கட்டையில் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, மிதவை வளையத்தையும் அதன் கயிற்றையும் எடுத்து ஒரு தரம் முழுப் பலத்தோடு எறிந்தாள். அது அவனுக்கும் படகுக்கும் நடுவிலேயே விழுந்தது. இழுத்து மறுபடியும் எறிய நேரமில்லை. நங்கூரத்தைத் திரும்பவும் தூக்கினாள்.

தண்ணீருக்குள்ளிருந்து றஜித்தின் குரல் வந்தது.

"தனுஷா! நங்கூரம்! அவளைப் போடச் சொல்லு! தனுஷா!"

நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் இவள். அவன் கண்ணுக்கு நேரே நிற்கிறவள் இவள். சாவின் வாசலில் நின்றும் அவன் வாயில் வந்த பெயர் அது. இவளுக்குச் சொல்லவேண்டியதைக்கூட அவளுக்கூடாகத்தான் சொல்லுகிறான். ஆன்சலாவின் நெஞ்சு அந்த நெருப்புக்கும் இழுவைக்கும் நடுவிலும் அதைக் கேட்டது, கேட்டு நொந்தது. ஆனால் தனுஷா திரும்பிச் சொல்லுமுன்னே, அவன் இரண்டாம் தரம் அந்தப் பெயரைக் கூப்பிட்டு முடிக்குமுன்னே, அவளுடைய கைகள் நங்கூரத்தை விட்டிருந்தன. எறியவில்லை, தகப்பன் பழக்கியதுபோல இறக்கி, அடி பிடித்ததும் கயிற்றை நீளமாக ஓடவிட்டு, கட்டையில் சுற்றிப் பிடித்தாள். கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. படகு ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பி நின்றது.

றஜித் நிற்கவில்லை. அவனுக்கும் படகுக்கும் இடையில் தண்ணீர் நீண்டுகொண்டே போயிற்று.

பின்னால் தனுஷா சிலிண்டரின் வாயை நெருப்பின் அடிப்பக்கம் பிடித்து, இடமும் வலமுமாக வெள்ளைத் தூளை அடித்துக்கொண்டிருந்தாள். நெருப்பு படுத்தது, மறுபடியும் எழும்பியது, பிறகு ஒரேயடியாகப் படுத்தது. கரும்புகை மட்டும் மிச்சம். அவள் இருமிக்கொண்டே, முகமெல்லாம் மாப் பூசியதுபோல, சிலிண்டரைக் கீழே விடாமல் நின்றாள். "அண்ணை எங்க?" என்றாள்.

ஆன்சலா ஜெகதீஸ்வரியின் பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் கையும், அவளுடைய கையும் ஒரே இடத்தைக் காட்டின. தலை ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது, அலை வந்து மறைத்தது, மறுபடியும் தெரிந்தது. சிவதர்சினியின் பிள்ளை தாயின் மடியில் முகம் புதைத்து விம்மியது. தவராசா உரத்துத் தேவாரம் சொல்லத் தொடங்கினார். ஆன்சலாவுக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கு மணம் வந்தது, எனக்கு மணம் வந்தது என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

றஜித்தின் ஒன்றுவிட்ட தம்பி நிறோஜன் தன் மீன்பிடிப் படகில் வந்து சேர்ந்தபோது புள்ளி தெரியவே இல்லை. "எங்க மச்சாள்?" என்று கத்தினான். அவளுடைய கை இறங்கவில்லை. கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து தண்ணீர் போகும் போக்கில் கையை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தாள். "மணல்திட்டு முனைக்கு வெளிய! இழுவை தெற்க திரும்புது! அங்க பார்!" நிறோஜன் அந்தக் கை போன திசையில் படகை விட்டான். நுரையைச் சுற்றிக்கொண்டு போய், திட்டுக்கு அப்பால் மறைந்தான். திரும்பி வந்தபோது அவனுடைய படகில் இரண்டு தலைகள் இருந்தன.

ஆன்சலா அப்போதுதான் கையைக் கீழே போட்டாள். கை மடங்கவில்லை. தனுஷா வந்து அதைப் பிடித்து மெல்ல மடக்கிவிட்டாள்.

மறுநாள் பின்னேரம், ஆஸ்பத்திரியில், றஜித்தின் வலது கை முழங்கைவரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தது. உப்புத் தண்ணீர் குடித்த தொண்டையால் மெல்லப் பேசினான். ஆன்சலா அவனுக்குக் கஞ்சி பருக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள்.

"ஏனப்பா அவளைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஆரை?"

"நான்தானே நங்கூரத்தோட நிண்டனான். என்னைப் பாத்துக்கொண்டு அவளின்ர பேரைச் சொன்னனீங்கள்."

றஜித் கூரையைப் பார்த்தான். "உனக்குச் சொன்னா நீ போடமாட்டாய் எண்டு நினைச்சனான். என்னை விட்டிட்டு நீ போடமாட்டாய். அவள் எண்டா, செய்யவேண்டியதைச் செய்வாள். அதான்."

ஆன்சலாவுக்கு அது சந்தோசப்படவேண்டிய பதிலா, கோபப்படவேண்டிய பதிலா என்று தெரியவில்லை. "நான் ஆரும் சொல்லிப் போடேல்ல," என்றாள். "நீங்கள் வாயைத் திறக்கேக்கயே நான் போட்டிட்டன். அந்தப் பிள்ளை படகில இருந்தது."

"கண்டனான்," என்றான் அவன். "தனியப் போகேக்க அதைத்தான் நினைச்சனான்."

"எனக்குக் கணவாய் பிடிக்காது."

"என்ன?"

"கணவாய். பன்னிரண்டு வருசமாப் பிடிக்காது. அவளுக்கு நண்டு ஒத்துவராதெண்டு தெரியுது உங்களுக்கு. என்னை ஒருநாளாவது அந்தப் படகில ஏத்தினனீங்களே? நான் அப்பாவோட போனவள்தானே?"

றஜித் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். "நீ கேக்கேல்லயே," என்றான். பிறகு, "நானும் கேக்கேல்ல," என்றான்.

ஆன்சலா கஞ்சிக் கோப்பையை மூடி வைத்தாள். பிறகு அவன், "பெற்றோல் குழாயின்ர கிளிப்பைத் தனுஷா இழுத்துப் பாத்திருக்கவேணும். காலமை அது அவளின்ர வேலை. வந்தாக் கேக்கவேணும்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

வெளி விறாந்தையில் தனுஷா வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒரு புருவம் கருகிப் பாதியாகப் போயிருந்தது. ஆன்சலாவைக் கண்டதும் எழும்பினாள்.

"அக்கா, பிழை என்னிலதான். கிளிப்பைப் பாத்தனான், இழுத்துப் பாக்கேல்ல. நீங்கள் என்னையே பாத்துக்கொண்டு நிண்டீங்கள், எனக்குக் கை ஓடேல்ல. அண்ணையிட்டச் சொல்லிப்போட்டு நான் ஊருக்குப் போறன். இனி வரமாட்டன்."

ஆன்சலா ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். இவள் போய்விடுவாள், வடிவம்மாவின் வாய் அடங்கும், அந்தச் சிரிப்பு இனித் தண்ணீரின் மேலால் வராது. இத்தனை மாதம் அவள் ஆசைப்பட்டது தானாகவே மடியில் வந்து விழுந்தது. எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். அந்தக் கருகிய புருவத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் எடுத்துமிருப்பாள்.

"எனக்கு மணம் வந்தது," என்றாள்.

"என்ன மணம்?"

"பெற்றோல். நெருப்புப் பிடிக்க முன்னம். ஒழுகினதையும் கண்டனான். நான் சொல்லேல்ல."

தனுஷா நம்பமுடியாமல் பார்த்தாள். "ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் ரெண்டுபேரும் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள்."

விறாந்தையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போய் முடிவதற்குள் தனுஷாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"என்னை என்னவெண்டு நினைச்சீங்கள் அக்கா? சரி, என்னை விடுங்கோ. அந்தச் சின்னப்பிள்ளை என்ன செய்தது உங்களுக்கு?"

தனுஷா உள்ளே போகாமல், திரும்பியும் பார்க்காமல், படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே ஆன்சலா அதை றஜித்திடமும் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அவளிட்டச் சொன்னது நல்லது," என்று மட்டும் சொன்னான்.

கை ஆறி, எஞ்சின் திருத்தி முடிய, பயணிகள் மறுபடியும் போன் எடுக்கத் தொடங்கினார்கள். றஜித் வேறு ஒருவரைத் தேடலாம் என்றான். ஆன்சலா வேண்டாமென்றாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி மாறி, வெயில் ஏறும் நேரத்தில் ஜெயபுரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

தனுஷா தகப்பனோடும் தாயோடும் தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். புருவம் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஆன்சலாவைக் கண்டு நிமிர்ந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆன்சலா செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, பக்கத்துச் சாலில் குனிந்து தானும் பிடுங்கத் தொடங்கினாள். ஒரு சால் முடிந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ?" என்றாள் தனுஷா கடைசியில்.

"ஓம். கூட்டிக்கொண்டு போகவும் வந்தனான்."

"ஊர் கதைக்கும்."

"கதைக்கட்டும். வடிவம்மா மாமிக்குச் சொல்லிப்போட்டன், நான்தான் உன்னைக் கூப்பிடப் போறன் எண்டு. அவாவுக்கு ரெண்டு நாளாச் சாப்பாடு இறங்கேல்ல."

தனுஷாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மண்ணை உதறிவிட்டு நேராக நின்றாள். "வாறதெண்டா ஒரு கதை. மனசில என்ன கிடந்தாலும் படகில ஏறமுன்னம் எனக்குச் சொல்லிப்போடவேணும். சண்டை பிடிச்சிட்டே ஏறுவம். வாயை மூடிக்கொண்டு ஒருத்தரும் அந்தப் படகில இருக்கக்கூடாது."

"சரி."

"இப்பவும் கிடக்கோ?"

ஆன்சலா நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம் கிடக்குதான்."

"கிடக்கட்டும்," என்றாள் தனுஷா. "அம்மா, தேத்தண்ணி போடுங்க, ஆள் வந்திருக்கு!"

இப்போது சமையலுக்கு வேறு ஆள். ஆன்சலா பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடிக்கிறாள். றஜித்தின் கை இன்னும் பலமாக இறுக்கிப் பிடிக்க வரவில்லை. புறப்படுமுன் அவளும் தனுஷாவும் சேர்ந்து கிளிப்பை இழுத்துப் பார்க்கிறார்கள், ஒருத்தி பார்த்ததை மற்றவள் மறுபடியும் பார்க்கிறாள். முன்னால் நின்று அந்த இரண்டு பேரும் ஏதாவது சொல்லிச் சிரித்தால் அவளுக்கு இப்போதும் சுருக்கென்று தைக்கும். அப்போது எஞ்சின் சத்தத்துக்கு மேலால், வந்திருக்கும் சனம் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்துவாள்:

"என்ன கதை அங்க? எனக்கும் கேக்கச் சொல்லுங்கோ!"

அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவார்கள். அநேகமாக அது சிரிக்கிற அளவுக்குப் பெரிய பகிடியாக இராது.